சம்பங்கிப் பாத்தியும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவரைத் தலை நிறையச் சம்பங்கிச் சரத்தோடு பார்த்திருப்பீர்கள். அந்தப் பூவால் அவர் பட்ட பாட்டைச் சிலரே அறிவர். தம்பியாகிய நான் அதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

அக்கா பிறந்தது தண்டையார்பேட்டையில். சிறு வயதிலேயே தாயை இழந்த எனக்கு அவரே தாயானார். துறைமுகத்தில் வேலை பார்த்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவொற்றியூர் வந்தபோது என்னையும் உடன் அழைத்து வந்தார். அவருக்குக் குழந்தைப் பேறு வாய்க்கவில்லை. வீட்டுப் பின்புறத்து மணலில் எருவும் செம்மண்ணும் கலந்து சம்பங்கி வளர்த்தார். பழைய பாத்தியிலிருந்து எடுத்த கிழங்குகளை நிழலில் உலர்த்துவார். பங்குனியில் பருத்தவற்றைப் பொறுக்கி, அழுகாமலிருக்கச் சாம்பலில் புரட்டி, முனை மேலே இருக்கும்படி மதிலோரம் நடுவார். முளை வரும்வரை தண்ணீரைக் கையால் தெளிப்பதோடு சரி.

உலக யுத்தம் முடிந்த பிறகு, பக்கத்து வீட்டுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து மளிகை வியாபாரி ஒருவர் குடும்பத்துடன் வந்தார். அக்கா நட்டுக்கொண்டிருந்தபோது அவர் மனைவி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“என்னத்தக்கா குழி தோண்டிப் பொதைக்கிய?”

“கெயங்கும்மா. பூச்செடி.”

“பூச்செடிக்கு எதுக்குச் சாம்பல்?”

அந்த வாரமே அவருடைய கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது. பிள்ளையில்லாதவள் செய்வினை வைத்துவிட்டாள் என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. அக்கா குழாயடிக்குப் போனால், அவர் கையால் பூ வாங்கி வைத்த பெண்களே குடத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

கிழங்குகள் முளைவிட்டிருந்த சமயம், ஒரு கல்யாணத்துக்காக ராயபுரம் போய்த் திரும்பினோம். பாத்தி முழுவதும் தோண்டிக் கிடந்தது. பல கிழங்குகளைக் கத்தியால் பிளந்தும் பார்த்திருந்தார்கள். மாமா சண்டைக்குக் கிளம்பினார். அக்கா அவரை உட்கார வைத்துவிட்டு, பிளந்த கிழங்கு ஒன்றுடன் தாமே பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“உள்ள இன்னா கீதுன்னு நல்லா பாத்துக்கோம்மா.”

“நாங்க தோண்டலக்கா,” என்றார் அந்த அம்மாள், முகம் கொடுக்காமல்.

வயிற்றோட்டம் விட்டுவிட்டு வந்ததில் மடியில் குழந்தை துவண்டு கிடந்தது. அக்காவின் குரல் மாறியது.

“இன்னும் டாக்டராண்ட காட்டலியா?”

“மந்திரிச்சுக்கிட்டு இருக்கோம்.”

“மந்திரிச்சா ஓட்டம் நிக்குமா? மொதல்ல இட்டுகினு போம்மா!”

அன்றே கொண்டுபோனார்கள். பால் கெட்டதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். குழந்தை பிழைத்தது. ஆனால் சந்தேகம் ஒழியவில்லை, பால்காரர்மேல் தாவியது. தெருவே அவரை ஒதுக்கியது. அக்கா மட்டும் அவரிடமே பால் வாங்கினார். “என்னிய சொன்ன வாய்தானே அவனையும் சொல்லுது?” என்பார். இருந்தாலும் அந்தப் பாலை இரண்டு தரம் காய்ச்சத் தவறியதில்லை.

பிழைத்த கிழங்குகளை இம்முறை வாசலில், தெருப் பார்க்க நட்டார். அதன் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும், “வாங்கம்மா, எல்லாரும் பாத்துக்கோங்க! பொதைக்கிறேன்!” என்று கூவிவிட்டே மண்ணில் கை வைப்பார். சிலர் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் கதவைச் சாத்திக்கொள்வார்.

தோண்டியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அக்கா மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சு நோயில் அவர் படுத்தபோது, அந்த அம்மாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் வந்தார். அக்கா டம்ளரைக் கூர்ந்து பார்த்தார்.

“மொதல்ல நீ ஒரு வாய் குடி.”

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. அண்ணாந்து ஒரு வாய் குடித்தார். அக்கா அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, டம்ளரை வாங்கிக் குடித்து முடித்தார்.

“உப்பு கம்மி,” என்றார்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், மாமாவுக்குத் துணை நின்ற துறைமுகத் தோழர்களுக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா குறை சொன்ன மறுநாள் முதல் உப்புக் கூட்டிக் கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கு, அக்கா சொல்லாமல் போன நன்றியையும் நானே சொல்லிவிடுகிறேன்.