கூடம் கோணல்

தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கட்டடச் சுவர்களில் அம்புக்குறி போட்ட ஒரு படம் மாட்டியிருக்குமே, யாரும் பார்க்காத படம், அதை வரைவதுதான் கோடு அக்காவின் பிழைப்பு. பெயர்தான் கோடு, நேராக ஒன்று இழுக்க வராது. அதற்காக அவள் கவலைப்பட்டதும் இல்லை. டேப்லெட்டில் கோணல்மாணலாகக் கிறுக்கிப் பேனாவை எடுத்ததும், மென்பொருள் லேசாகச் சிலிர்த்து, எல்லாக் கோட்டையும் நிமிர்த்தி வரிசைப்படுத்திவிடும். அந்தக் கிறுக்கலில்தான் தங்கையைப் படிக்கவைத்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தங்கை வேலை பார்த்த அலுவலகத்திலோ கூடம் நிஜமாகவே கோணல். நடைவழி கடைசியில் இடப்பக்கம் ஒடியும். வெளியேறும் கதவு அங்கேதான். அந்த அலுவலகத்துக்கும் படம் வரைந்தது அக்காதான்; அவளுடைய கோணல் கோடு வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியாக இருந்தது. மென்பொருள் அதையும் நிமிர்த்தியது. படத்தில் கதவு எதிர்ச்சுவருக்கு நகர்ந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. படம் அவ்வளவு அழகு.

தங்கை மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அவள் பின்படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது அபாய மணி அடித்தது. ஒயர் கருகும் நாற்றம். அந்த வெளியேறும் கதவைத் திறந்தால் ஓடிவர ஒருவரும் இல்லை.

அலுவலகமே வெற்றுச்சுவரைப் பார்த்தபடி வரிசையில் நின்றது. தள்ளுமுள்ளு இல்லை. ஆளுக்கும் ஆளுக்கும் ஒரே இடைவெளி. கூரையோரம் புகை தவழ்ந்தது. திறந்த கதவின் வெளிச்சம் அவர்கள் கன்னத்தில் விழுந்தும் ஒரு தலை திரும்பவில்லை.

"அடியே, கதவு இங்க இருக்குடி!"

"சும்மா இரு அக்கா," என்றாள் நடுவில் நின்ற தங்கை, திரும்பாமலே. "படத்துல நேராத்தான் போட்டிருக்கு."

"அதை வரைஞ்சதே நான்தான்டி!"

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கே."

கையைப் பிடித்து இழுத்தாள். நட்ட கம்பம் போல நின்றாள் தங்கை. இருமினாள், நகரவில்லை.

அக்கா சுவரிலிருந்த படத்தைப் பிடுங்கினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் செருப்புகள் ஒரே சமயத்தில் திரும்பும் சத்தம்.

எல்லோரும் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தெருவில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அக்காவுக்குப் பின்னால் அந்த வரிசை அப்படியே கலையாமல் நின்றது. அவள் படத்தை இடக்கைக்கு மாற்றினாள். வரிசை இடப்பக்கம் சாய்ந்தது. திடுக்கிட்டு வலக்கைக்கு மாற்றினாள்.

"அக்கா," என்றாள் தங்கை, பொறுமையாக. "அம்புக்குறியை ஆட்டாதே. எங்களுக்குத் தலை சுத்துது."