அறுபத்து நான்காம் எண் ஜெர்சி

பர் துபாயில் ஒரு லாண்டரியில் எனக்குக் கறை எடுக்கிற வேலை. மசாலா, மை, லிப்ஸ்டிக், கிரீஸ், எதுவும் என் கைக்குத் தப்பாது என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர்தான் ஒருநாள் என்னை மாட்டிவிட்டது.

இங்கே பள்ளியில் பாடம் நடத்தும் கனடாக்கார மேடம் ஒருவர் பழைய ஜெர்சி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அறுபத்து நான்கு என்ற எண்ணைத் தடித்த துணியில் வெட்டி அதில் தைத்திருந்தார்கள். சீட்டில் 'அயர்ன் மட்டும்' என்று எழுதியிருந்ததை நானும் பார்த்தேன். ஆனால் மார்பில் அப்பியிருந்த மண்ணும் புல் கறையும் கண்ணை உறுத்தின. போகாது என்று நினைத்துவிட்டார் போல, பாவம் என்று, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பழைய டூத் பிரஷால் தேய்த்துத் தேய்த்துப் புதிது போல ஆக்கிவிட்டேன்.

வாங்க வந்த மேடம் விரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பாராட்டுக்காகப் பல்லை இளித்துக்கொண்டு நின்ற நான் சட்டென்று கல்லாப் பக்கம் பார்த்தேன். போன மாதம்தான் ஒரு பட்டுச் சேலையை அயர்ன் பாக்ஸால் சுட்டுவைத்திருந்தேன். "இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா கலாஸ், அவ்வளவுதான், ஊருக்குப் போய்ச் சேரு" என்று முதலாளி அப்போதே சொல்லியிருந்தார்.

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். "எனி ப்ராப்ளம், மேடம்?"

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இல்லை, வேலை ரொம்பச் சுத்தம்" என்றார். முதலாளி நிம்மதியாக மதியத் தொழுகைக்கு, லுஹருக்குக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் அரைகுறை இங்கிலீஷுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருடைய அப்பா கனடாவில் ஃபுட்பால் ஆடியவர். அங்கே அந்த ஆட்டத்தில் பந்தை உதைப்பதைவிடக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகமாம். அப்புறம் எதற்கு அந்தப் பெயர் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்பாவின் கடைசி ஆட்டம்தான் அந்த டீமுக்கும் கடைசி. நடத்த முடியாமல் மூடிவிட்டார்கள். அந்த மண்ணோடு ஜெர்சியை மடித்து வைத்தவர், சாகும்வரை யாரையும் துவைக்க விடவில்லை. சில வருடம் கழித்து அதே ஊரில் வேறு பெயரில் டீம் வந்தது, அதுவும் படுத்துவிட்டது. மூன்றாவது தடவை வந்ததுதான் இன்றுவரை ஆடுகிறது. அதைப் பார்க்க அப்பா இல்லை. அதனால்தான் ஜெர்சியை ஃப்ரேம் போட்டு மாட்ட மேடம் நினைத்தாராம்.

நான் கழுவி ஊற்றியது அந்த மைதானத்தை. "சாரி மேடம்" என்றேன். அவர் அழுதிருந்தால்கூடத் தேவலை. ஜெர்சியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் முதல் நாளோடு சரி. காட்டிக்கொடுக்காமல் போனாரே, அந்த நன்றிதான் நெஞ்சை அறுத்தது.

ஐந்தாம் நாள் மேடம் வந்தார். மேஜையில் ஜெர்சியை விரித்து, எண்ணில் இருந்த ஆறின் வளைவை நகத்தால் லேசாகத் தூக்கிக் காட்டினார். தையலுக்கு அடியில், எண்ணின் ஓரம் முழுக்க, மெல்லிய கோடாக மண்.

"நீ நினைக்கிற அளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை" என்று சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருட வேலையில் ஒரு கறையை விட்டுவைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

"அயர்ன் மட்டும்" என்றார்.

ஆவி படாமல், மேலே வெள்ளைத் துணி போட்டு, எண்ணைத் தொடாமல் சுற்றியே தேய்த்துக் கொடுத்தேன்.