அறுத்த பலகை, இழைத்த பலகை

அலவத்துகொடையைச் சேர்ந்த ஹபீல், கண்டி, கட்டுகஸ்தோட்டை வீதியில் மரம் அறுத்து விற்கும் சாலிஹ் முதலாளியின் மரக்காலையில் பன்னிரண்டு வருடம் வாள் இழுத்தவர். பெரிய மரத்தை மேடையில் ஏற்றி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று அறுக்கிற வேலை அது. மேலே ஹபீல், கீழே கறுப்பையா. கீழே நிற்பவரின் முகத்தில்தான் மரத்தூள் கொட்டும்.

ஹபீல் முன்கோபக்காரர். அவர் பாரத்தை இறக்கும்போது சிரித்த வண்டிக்காரன் ஒருவனின் இரண்டு பற்களைச் சந்தையில் வைத்தே உடைத்தவர். "இந்தக் கையால ஒரு நாள் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவீங்க" என்று அவர் மனைவி சித்தி றலியா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

1933இல் முதலாளி சுவீடனிலிருந்து பைன் பலகை இறக்கினார். தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களின் தரைக்கு அதைத்தான் கேட்டார்கள். கொழும்புத் துறைமுகத்தில் அவர் கொடுத்த பத்திரத்தில் 'அறுத்த பலகை' என்று மட்டும் எழுதியிருந்தது. கண்டிக்கு வந்து இறங்கியதோ முகம் வழுவழுவென்று இழைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருக ஒரு ஓரத்தில் நாக்கும் மறு ஓரத்தில் பள்ளமும் வெட்டிய பலகை. வாள் பட்டதோடு நிற்கிற மென்மரத்துக்குத் தீர்வை குறைவு. இழைத்துப் பொருத்து வெட்டிவிட்டால் சுங்கத்துக்கு அது வேறு வகைச் சாமான்; தீர்வையும் கூடும்.

யாரோ சுங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். சுங்க உத்தியோகத்தர் நான்கு நாளில் கண்டிக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. முதலாளியின் மச்சான் முஹைதீன்தான் மரக்காலையில் ஆட்களை மேய்க்கிறவன். அவன் ஹபீலையும் கறுப்பையாவையும் கூப்பிட்டான்.

"நாக்கு, பள்ளம் எல்லாத்தையும் வெட்டுங்க. மொகத்துல கைவாளப் போட்டு இழுங்க. மில்லுல அறுத்த கோடு மாதிரி ஈக்கணும்."

"என்ன நானா இது? செதுக்குன பலகைய மறுபடியும் மொரடாக்கச் சொல்றாங்களே" என்று கறுப்பையா ஹபீலிடம் சிரித்தார்; அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். ஹபீல் சிரிக்கவில்லை. நாலு நாளும் இருவரும் நல்ல பலகையைக் கெடுத்தார்கள். அப்படியும் அடுக்கின் அடிவரிசைக்குக் கை எட்டவில்லை.

உத்தியோகத்தர் நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். பலகையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஹபீலைக் கேட்டார்:

"இது மில்லில இருந்து வந்தபடிதானோ?"

முஹைதீன் பின்னால் நின்றான். "ஓம் ஐயா, வந்தபடிதான்" என்றார் ஹபீல். நல்லையா குறித்துக்கொண்டு போனார். மறுநாள் மத்தியான ரயிலில் கொழும்புக்குத் திரும்புவதாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் கறுப்பையா தேநீர்க் கடையில் வாயை விட்டுவிட்டார். "நாங்க நாலு நாளா பலகைக்குக் கெழட்டு வேசம் போட்டோம்" என்று சொன்னதை யாரோ முஹைதீனிடம் கொண்டுபோனார்கள்.

கறுப்பையா மரக்காலை வாசலுக்குள் கால் வைத்ததும் முஹைதீன் கோடாலிக் காம்பால் முகத்தில் அடித்தான். முதல் அடியிலேயே இடது கண் போய்விட்டது. மனிதர் மண்டியிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நானா, நானா" என்று கத்தினார். ஹபீல் மேடை மேல் நின்றிருந்தார். வண்டிக்காரனை அடித்த கை மரத்துப்போயிருந்தது. முதுகில் இரண்டாவது, மூன்றாவது அடி விழுந்தது. கீழே சரிந்தவரின் விலாவில் முஹைதீன் மிதித்தபோதுதான் ஏதோ முறிகிற சத்தம் ஹபீலுக்குக் கேட்டது.

ஆப்பு அடிக்கும் கொட்டாப்புளியோடு மேடையிலிருந்து குதித்தார். ஒரே அடி; முஹைதீனின் முழங்கால் எதிர்ப்புறமாக மடங்கியது. அவன் அலறிய அலறலில் நாலு பேர் ஓடிவந்து ஹபீலைச் சாய்த்தார்கள்.

சாலிஹ் முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். "ஆளக் கொல்லாதீங்க" என்றார் மெதுவாக. "கைய மட்டும் பாருங்க."

ஹபீலின் வலது கையைத் தரையில் விரித்து, அதன் மேல் பலாமரத் துண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டார்கள். பிறகு கறுப்பையாவையும் அவரையும் வீதியில் இழுத்துப் போட்டார்கள். ஹபீல் ஒரு மாட்டுவண்டியை மறித்து, கறுப்பையாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். தான் ஏறாமல், சாரத்தைக் கிழித்துக் கையைச் சுற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார்.

நல்லையா ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். இரத்தத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நேற்றுச் செல்லினது பொய் ஐயா. இழைச்ச பலகை. நாங்கதான் கெடுத்தோம்."

"நேற்று நீர்தானே வந்தபடி எண்டு சொன்னனீர்? இண்டைக்கு உம்மை எப்பிடி நம்புறது?"

"என்ன நம்ப வாணாம். மில்லு வட்ட வாள் வில்லுமாதிரிக் கோடு போடும். நாங்க கைவாளால நேர்கோடு இழுத்தோம். அடிவரிசையில கை வைக்காத பலகை ஈக்கி. நாக்கோடயே ஈக்கி. கெதியா வாங்க, அவங்க அதையும் அழிச்சிருவாங்க."

நல்லையா பொலிஸாரோடு போனபோது மரக்காலையில் அடுக்கைப் பிரித்து, அடிவரிசையைக் கோடாலியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். பொலிஸ் தடி விழுந்தது; ஒருவன் மண்டை பிளந்தது. நாக்கும் பள்ளமும் உடையாத பதினேழு பலகைகள் கிடைத்தன. சரக்கு முழுவதும் பறிமுதலானது. முதலாளி அபராதத்தோடு தப்பினார். கறுப்பையாவை அடித்ததற்காக முஹைதீனுக்கு ஒரு வருடச் சிறை. அவன் முழங்காலை உடைத்ததற்காக ஹபீலுக்கு ஆறு மாதம்.

வெளியே வந்ததும் ஹபீல் கறுப்பையாவைத் தேடி, கலகெதரப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். கறுப்பையாவின் மனைவி வேலாயி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அவரு உங்களக் கூப்பிட்டுத்தான கத்துனாரு? எத்தன அடி விழுற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னீங்க?"

"மூணு" என்றார் ஹபீல்.

உள்ளேயிருந்து கறுப்பையா பேசினார். "விடு புள்ள. நானா, நீங்க போய்ட்டு வாங்க. இனி வாள் இழுக்க நான் வரல."

ஹபீல் வீடு திரும்பினார். இரண்டு விரல் மடங்காத கையால் வாள் பிடிக்க முடியாது. கலகெதரயில் வேறொரு மரக்காலையில் பலகை பிரித்து அடுக்கும் வேலை கிடைத்தது. கோபம் மட்டும் குறையவில்லை. மூன்றாம் மாதம் அங்கே மேற்பார்வைக்காரன் ஒருவன் கூலியாள் ஒருவரின் கழுத்தைப் பிடித்துத் தள்ளி, மிதிக்கக் காலைத் தூக்கினான். கால் கீழே இறங்குவதற்குள் ஹபீல் இடது கையால் அறைந்தார். அன்றைக்கே வேலை போயிற்று.

பகலிலேயே வீட்டுக்கு வந்தவரிடம் சித்தி றலியா விஷயத்தைக் கேட்டாள். சொன்னார். அவள் பானையில் மிஞ்சியிருந்த சோற்றை அவருக்குப் போட்டு வைத்துவிட்டு, இரவுக்கு அரிசி கேட்க அடுத்த வீட்டுக்குப் போனாள்.