கட்டணப் பலகைக்குக் கை உயர்த்திய கார்க்காரர்

வியாழக்கிழமை காலை அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். வானொலியில் மரண அறிவித்தல் போனது. "வாடகைக் கார்ச் சாரதியும் முன்னாள் பட்டின சபை உறுப்பினருமான அருளம்பலம்..." மிச்சம் என் காதில் விழவில்லை. கையைக் கூடக் கழுவாமல் எழுந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் கோபிக்க வேண்டாம். அருளம்பலம் அண்ணையைப் பற்றி அடக்கி வாசிக்க எனக்கு வராது.

நான் அந்தச் சபையில் எழுதுவினைஞராக இருந்தேன். கூட்டங்களில் பேசப்படுவதைக் குறிப்பெடுப்பது என் வேலை. அண்ணையைச் சபைக்கு அனுப்பியவர்கள் எங்கள் சந்தியில் வாடகைக் கார் ஓடிய ஏழு பேர். தரிப்பிடத்துக்குள் புதுக் கார் எதையும் விடக்கூடாது, கட்டணத்தில் சபை தலையிடக்கூடாது என்பதற்காகவே வீடு வீடாகப் போய் அவருக்கு வாக்குக் கேட்டார்கள். முன்னின்று உழைத்தவர் அவருடைய உயிர் நண்பர் செல்லத்துரை.

ஒரு மாரிகாலம், உடுவில் பக்கத்து அம்மா ஒருவர் நனைந்த குடையோடு கூட்டத்துக்கே வந்துவிட்டார். காய்ச்சலில் கிடந்த கணவரைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, சந்திக் கார்க்காரர்கள் மழையைக் காட்டி மூன்று மடங்கு காசு கேட்டார்களாம். கடைசியில் மாட்டு வண்டிலில் ஏற்றிப் போனாராம்.

"ஏதோ நல்லகாலம், ஆள் தப்பியிட்டார்," என்றார். "தப்பாட்டி நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

உறுப்பினர் ஒருவர் உடனே பிரேரணை கொண்டுவந்தார். மைலுக்கு இவ்வளவு என்று பலகை நாட்ட வேண்டும். தரிப்பிடத்தை எல்லாக் கார்களுக்கும் திறந்துவிட வேண்டும். எல்லோரும் அருளம்பலம் அண்ணையைப் பார்த்தோம். வெளி விறாந்தையில் செல்லத்துரையும் மற்றச் சாரதிகளும் நின்றார்கள்.

அண்ணை எழுந்தார். "தலைவர் ஐயா, அந்த அம்மா சொன்னது உண்மை. மழைக்கு ஒரு விலை, வெயிலுக்கு ஒரு விலை கேக்கிறம். நானும் கேட்டிருக்கிறன்."

என் பேனை நின்றுவிட்டது.

"ஆனா ஒண்டு. தார் றோட்டுக்கும் கல்லொழுங்கைக்கும் ஒரே காசு போட்டால் நாங்கள் டயருக்கு எங்கை போறது? ரெயில் கேற்றிலை காத்து நிக்கிற நேரத்துக்கு ஆர் தாறது?"

"அதை நாங்கள் எப்பிடி அறியிறது?" என்றார் தலைவர்.

"வாங்கோ, ஏறுங்கோ!"

கூட்டம் அப்படியே அவருடைய காருக்குள் போனது! முன்னால் தலைவர், பின்னால் இரண்டு உறுப்பினர்கள், கதவோரம் மடியில் கொப்பியோடு நான். தார் றோட்டில் வழுக்கிக்கொண்டு போன கார் ஒழுங்கைக்குள் இறங்கியதும் குதிக்கத் தொடங்கியது. தலைவரின் தலை கூரையில் மோதியது.

"எழுதும் பிள்ளை, இதையும் எழுதும்!" என்று அண்ணை கத்தினார். தலையைத் தடவிக்கொண்டே தலைவரும் சிரித்துவிட்டார். ரெயிலுக்காகக் கேற் பூட்டியபோது மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து தார் றோட்டுக்கு ஒன்று, ஒழுங்கைக்கு ஒன்று, காத்திருப்புக்கு ஒன்று என்று தீர்மானத்தைத் திருத்தினோம். ஒரேயொரு வாக்கால் நிறைவேறியது. அண்ணை கை உயர்த்தியிராவிட்டால் தோற்றிருக்கும்.

பலகை நாட்டிய காலை, பழைய சாரதிகள் தங்கள் கார்களைக் குறுக்கே விட்டுத் தரிப்பிடத்தை மறித்தார்கள். புதிதாக வந்த மூன்று கார்கள் வெளியே நின்றன. சந்தைச் சனம் முழுக்கத் திரண்டுவிட்டது. நானும் சபைக் கந்தோரை விட்டு ஓடிவந்தேன்.

"உன்னை நாங்கள்தானே அனுப்பினனாங்கள்!" செல்லத்துரைக்குக் குரல் உடைந்தது.

"ஓம், சபைக்கு அனுப்பினியள். அங்கை அந்த அம்மா வந்து நிண்டவ. நான் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறதே?"

அண்ணை தன் காரைத் தெருவோரம் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். மரக்கறிக் கடகத்தோடு வந்த பெண் ஒருவர் பலகையை வாசித்தார். பேரம் பேசாமல் ஏறினார். பிறகு இன்னொருவர். புதுக் கார்களும் நிரம்பின. காருக்குக் கிட்டவே போகப் பயந்த சனம் அன்று முண்டியடித்தது! மூன்றாம் நாள், மறித்த கார்கள் ஒவ்வொன்றாக விலகி வரிசைக்கு வந்தன. செல்லத்துரையும் வந்தார். ஆனால் நண்பரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த தேர்தலில் அண்ணை தோற்றார். ஒரு கிழமை சந்திப் பக்கமே வரவில்லை. பிறகு பெற்றோல் விலை ஏறியது. ஒரு நாள் கந்தோருக்குள் விறுவிறென்று நுழைந்தார், கையில் ஒரு மனு. கட்டணத்தை உயர்த்தித் தர வேண்டும் என்று சாரதிகள் எல்லோருக்காகவும் அவரே எழுதியது. முதல் கையெழுத்து செல்லத்துரையுடையது.

"என்னோடை கதைக்க மாட்டாராம். கையெழுத்து மட்டும் வைப்பாராம்!" சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சபை அந்த மனுவை ஏற்றுக்கொண்டது.

நேற்றுச் செத்தவீடு. வழக்கப்படி பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம். பிரேதம் எடுக்கிற நேரம், வேலியோரம் தனியே நின்ற செல்லத்துரை சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பாடையை முன்னுக்குப் பிடித்திருந்தவரை விலக்கித் தோளைக் கொடுத்தார்.

"அருளம்பலம், நான்தானடா," என்றார், எல்லோருக்கும் கேட்க.

ஒழுங்கை முடக்கில் மறையும்வரை அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். என்ன சொன்னார் என்பது பறை ஒலியில் எங்களுக்குக் கேட்கவில்லை. அது அண்ணைக்கான கதை.

நல்லபடி போய்வாருங்கள், அண்ணை.