என் சொல்லைக் குறைக்காமல் எழுதிக்கொண்டவர்

இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில், பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில், சிறுத்தையொன்றை வெறும் குடையால் விரட்டிய என் பழைய கதையை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கைப்பேசி அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"மாமா?" என்றது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல்.

உலகத்தில் எனக்கு எத்தனையோ பேரைத் தெரியும். ஆனால் அந்தக் குரலில் என்னை மாமா என்று கூப்பிடக்கூடியவர் யாருமில்லை. அவர் எலேனா என்றும், என் அக்கா மகளோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னது எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடங்கியது. "தவா இஸ் நோ மோர், மாமா. ஹார்ட்."

சிறுத்தைக் கதை பாதியில் நின்றது. இன்றுவரை நான் அதை முடிக்கவில்லை.

டாக்டர் தவலெட்சுமி அவர்கள் தெரணியகலைக்கு மேலேயுள்ள றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, ஐரோப்பாவில் ஒரு பெரிய மலைக்கு அடியில் இருக்கும் ஆய்வுகூடத்தில் துகள் இயற்பியல் விஞ்ஞானியாக வாழ்ந்தவர். எங்களுக்குத் தவம். நான் தூக்கி வளர்த்த பிள்ளைதான்; ஆனாலும் டாக்டர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து எழுத்தில் 'அவர்' என்றே எழுதி வருகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் லயத்தில் பாதிப் பேர் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வாசலில் நிற்பார்கள். அவர் முகம் சுளித்ததேயில்லை. "நான் அந்த டாக்டர் இல்லீங்க. ஆனா வலி எங்கன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்பார்.

சின்ன வயதில் இடி மின்னல் என்றால் எல்லா வீட்டிலும் ரேடியோவை நிறுத்துவோம். தவம் மட்டும் நிறுத்த விடமாட்டார். மின்னும்போது ரேடியோ 'கர்ர்' என்று இரைவதைக் காதை வைத்துக் கேட்பார்.

"மாமா, இடி இன்னும் கேக்கல. ரேடியோவுக்கு மட்டும் எப்பிடி மொதல்லயே தெரியுது?"

"ஜப்பான் சாமான் புள்ள. நம்மள விட வேகம்" என்றேன்.

அந்தப் பதிலை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. என் பதிலை ஏற்றுக்கொள்ளாமல் போனதால்தான் அவர் விஞ்ஞானியானார் என்று நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மேடை இல்லாத இடங்களிலும் சொல்லியிருக்கிறேன்.

கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தபோது, ரம்புக்கனைவரை கூட்டிக்கொண்டு போய் ரயிலேற்றிவிட்டவன் நான். நான் கையைக் காட்டினேன், ரயில் நின்றது. அங்கே எல்லா ரயிலும் நிற்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அன்று நின்றது என் கைக்குத்தான். றப்பர் பால் வெட்டி வெட்டிக் காய்த்த கையால் அக்கா சோற்றுப் பார்சலை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ஒருவரும் அழவில்லை. மேட்டில் தள்ளுவதற்கு ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டுவதைத் தவம் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

பிறகு வெளிநாடு, டாக்டர் பட்டம், மலைக்கு அடியில் வேலை. என்ன வேலை என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் அணுகுண்டு, ராக்கெட் என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். ஒரு லீவில் அவரே உட்காரவைத்துச் சொன்னார்.

"மாமா, ஒரு துகள நாம பாக்கவே முடியாது. ராத்திரி பன்றி வந்துட்டுப் போன மாதிரி. காலைல பாத்தா மரவள்ளித் தோட்டம் தோண்டிக் கெடக்கும், பன்றி இருக்காது. அந்தத் தடத்த வச்சு என்ன பன்றி, எவ்வளவு பெருசு, எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்றதுதான் என் வேல."

"அப்பிடின்னா என்கிட்ட கேளு. நான் பன்றியையே பாத்தவன்."

"நீங்க பாத்த பன்றி வருஷா வருஷம் வளருதே மாமா!"

அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் எந்நேரமும் மழைபோல் விழுகின்றனவாம். நம் உள்ளங்கையையும் துளைத்துக்கொண்டுதான் போகின்றனவாம். அந்த இரைச்சல் அடங்கினால்தான் அவர்கள் தேடும் அபூர்வத் துகள் பிடிபடும். கோயிலில் மேளம் ஓய்ந்தால்தானே பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கும்? அதனால்தான் மலைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தார்கள். துகள் பாய்ந்தால் உள்ளே மின்மினிபோல் வெளிச்சம் தெறிக்கும், அதை எண்ணிச் சொல்லும் பெட்டிகள். அந்தப் பெட்டிகளை வடிவமைத்தவர் நம் தவம்.

அக்காவுக்கு நோய் முற்றிய வருஷம் அவர் அவசரமாக வந்தார். தாயாரின் பக்கத்தில் இரவும் பகலும் இருந்தார். ஆனால் வேறொரு கவலையும் அவரைத் தின்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவன் நான்தான். கேட்டேன்.

"என் பெட்டி எல்லாம் இருக்கிறத விடக் கூட எண்ணுது மாமா. வயர்ல பிழையா, கணக்குல பிழையான்னு எல்லாரும் தேடிட்டோம். ஒண்ணும் ஆப்பிடல. நான் திரும்பிப் போறதுக்குள்ள காரணம் சொல்லலன்னா எல்லாத்தையும் கழட்டிட்டு வேறொருத்தர் செஞ்ச பெட்டிய வைக்கப் போறாங்க. அப்புறம் எனக்கு அங்க வேல இல்ல. இத்தன வருஷ ஒழப்பும் போச்சு." பிறகு, அந்த நிலைமையிலும், என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கேஸ் மாமா. என் பெட்டியும் உங்கள மாதிரி கூட்டிச் சொல்லுதாம்."

அதே மாதிரிச் சின்னப் பெட்டியொன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பூமிக்கடியில் வைத்துப் பார்க்க இடம் வேண்டும் என்றார். இரத்தினபுரி மாவட்டத்தில் பூமிக்கடியில் இடம் தேட என்னை விட்டால் யார்? குருவிட்டவில் எனக்குப் பங்குள்ள மாணிக்கக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கேதான் தடை வந்தது. மாணிக்கக் குழியில் பெண்கள் இறங்கக்கூடாது, வாய்ப்பக்கமே வரக்கூடாது. அது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். குழிக்குப் பொறுப்பான சிங்களவர் பியதாச ஐயா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"அனே நோனா, கோவிக்க வேணாம். பொம்பளை எறங்கினா கல்லு ஒளிஞ்சிக்கும்."

"நான் எறங்கல ஐயா, மாமா எறங்கட்டும்" என்றார் தவம். என்னிடம் திரும்பி மெல்லிய குரலில், "அங்கயும் சில பேரு என்னப் பாத்து இப்பிடித்தான் நிப்பாங்க. கை மட்டும் கூப்பமாட்டாங்க" என்றார்.

அவர் தள்ளி ரம்புட்டான் மரத்தடியில் உட்கார்ந்தார். பெட்டியை வாளியில் இறக்கி, நானும் இறங்கினேன். பாதாளம் என்றே சொல்லலாம். மேலே பார்த்தால் வானம் ஒரு பொட்டளவு. பெட்டியில் எரியும் எண்ணை நான் தமிழில் கத்துவது, குழி வாயில் நிற்கும் பியதாச ஐயா அதைச் சிங்களத்தில் மரத்தடிக்குக் கத்துவது, தவம் எழுதிக்கொள்வது. இதுதான் ஏற்பாடு. இறங்குமுன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, இதுல மட்டும் கூட்டிச் சொல்லாதீங்க."

மண்ணுக்கடியில் எண் குறைய வேண்டும். எனக்கும் அது சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பெட்டி மேலே காட்டியதை விட அதிகமாகக் காட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அதேதான். கத்தினேன்.

மேலே பியதாச ஐயா சிரித்தார். "நோனா, இது உங்க மாமா சொல்ற நம்பர். கொஞ்சம் அடு கரலா எழுதுங்க!"

குறைத்து எழுதச் சொல்கிறார்! குழிக்குள்ளிருந்து எனக்கு வந்த கோபத்தில் மண்சுவரே அதிர்ந்தது. "அக்கா மேல சத்தியம், ஒண்ணும் கூட்டல!" என்று கத்தினேன்.

 பிறகு தவத்தின் குரல் கேட்டது, நேராகவே: "குறைக்க வேணாம் ஐயா. மாமா சொன்னதத்தான் எழுதியிருக்கேன். பொய்னா இத விடப் பெருசா சொல்லியிருப்பாரு."

என் வாழ்க்கையில் என் சொல்லைக் கழிவு போடாமல் வாங்கிக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

அடுத்து அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பெட்டி எங்கே? மடியில். கை எங்கே? பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டி மேல் வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறேன். எந்தக் கை?

"மோதிரக் கை" என்றேன்.

குழியில் இறங்குகிறவர்கள் அந்தக் குழி கொடுத்த கல்லொன்றை ராசிக்காகக் கையில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். என்னுடையது மங்கலான பச்சைக்கல். ராஜகுடும்பத்துக்காரர்கள் கேட்டும் நான் கொடுக்காத கல். மோதிரத்தை வாளியில் மேலே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எண் சட்டென்று இறங்கியது.

நான் மேலே வந்தபோது அவர் மரத்தடியில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "இந்தக் கல்லுக்குள்ள தோரியம் இருக்கு மாமா. அதுலருந்து கதிர் வந்துகிட்டே இருக்கும். இனி இதக் கையில போடாதீங்க. பெட்டியும் பொய் சொல்லல, நீங்களும் பொய் சொல்லல. பக்கத்துல இருந்தத ரெண்டு பேரும் உள்ளபடி சொல்லியிருக்கீங்க."

"அப்ப பிரச்சின தீந்துச்சா?"

"இல்ல. மோதிரம் மேல வந்த பிறகும் குறைய வேண்டிய அளவுக்குக் குறையல." அவர் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள இன்னொரு மோதிரம் இருக்கு மாமா."

அந்த இடத்திலேயே திறந்தார். வயர்களைத் தாங்குவதற்கு உள்ளே சின்னச் சின்ன வெள்ளைப் பீங்கான் துண்டுகள் இருந்தன. அவற்றைத் தொட்டுப் பார்த்து, "பீங்கானும் சுட்ட மண்ணுதானே மாமா, கல்லுல இருக்கிறது இதுலயும் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். பெட்டியை மூடினார். வீட்டுக்கு வந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வெகுநேரம் சிரித்த முகமாக இருந்தார். அக்கா அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதற்காகவே தவத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

திரும்பிப் போய்ச் சோதித்தபோது அவர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. பீங்கானை மாற்றினார்கள், கூட எண்ணுவது நின்றது. பெட்டிகள் அவருடையவையாகவே இருந்தன. அந்தப் பகுதிக்கு அவரே தலைவியும் ஆனார். அந்தத் துகள் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். இன்னும் கிடைக்கவில்லை. "இல்லைங்கிறத உறுதியாச் சொல்றதும் ஒரு விடைதான் மாமா" என்பார். எனக்கு அது விளங்கியதில்லை. ஆனால் அவர் சொன்னதால் நானும் குறைக்காமல் ஏற்றுக்கொண்டேன்.

என் கல்லை உரிய இடங்களில் காட்டி, அனுமதி வாங்கி எடுத்துச் சென்றிருந்தார். ஈயப் பெட்டிக்குள் வைத்து, மேலே தமிழில் 'மாமா' என்று எழுதி ஒட்டினாராம். புதிதாகச் செய்யும் ஒவ்வொரு பெட்டியையும் அந்தக் கல்லைக் காட்டித்தான் சோதிப்பார்களாம். "மாமாவைக் காட்டியாச்சா?" என்று வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்பார்களாம். எலேனா என்னை ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கதிர் அடித்துத்தான் செத்துப்போனார் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். இல்லை. அவருடைய அப்பாவுக்கும் இதயம்தான் நின்றது.

மறுநாளும் நான் அதே தேநீர்க் கடையில் இருக்கையில், எலேனா முகம் தெரியும்படி மீண்டும் அழைத்தார். அஸ்தியோடு கல்லையும் அனுப்பட்டுமா என்று கேட்டார். கல் அங்கேயே இருக்கட்டும் என்றேன். பிறகு அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். காலையில் வேலை தொடங்குமுன் ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் எழுதுவது அங்கே பழக்கம். தவம் ஊரிலிருந்து திரும்பிய பிறகு கொண்டுவந்த பழக்கமாம். வாசிப்பது எப்போதும் தவம்தான். இன்று வாசிக்க யாருக்கும் மனம் வரவில்லை. "யூ ரீட், மாமா."

கைப்பேசியைப் பெட்டியருகே பிடித்தார். என் பச்சைக்கல் பக்கத்தில் இருந்தது. சிவப்பு எண்கள் ஓடி நின்றன. தேநீர்க் கடையில் என்னைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர், "எவ்வளவு கூட்டப் போறீங்கண்ணே?" என்றார், கேலியாகத்தான்.

நான் எழுந்து நின்று தமிழில் சத்தமாக வாசித்தேன். எலேனாவுக்குத் தமிழ் தெரியாது; பெட்டியில் எரிந்த அதே எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார். இந்தக் கட்டுரையில் சிறுத்தையையும் ரயிலையும் நீங்கள் வேண்டிய அளவு குறைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அப்படியே வாசிச்சேன் தவம். ஒண்ணும் கூட்டல. போயிட்டு வாங்க.