காலியாகக் கிடந்த சாலை

கைப்பேசி இனி மனிதனைவிட நன்றாக யோசிக்கும் என்று தினமும் செய்தி வருகிறது. எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராய் வேலைக்குப் போகிறவன் நான். அது எங்கே யோசிக்காது என்று எனக்குத் தெரியும்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். கல்வராயன் மலையடியில் கடுக்காய் பொறுக்கும்போது கூட்டாளி ஏழுமலையைக் கதண்டுக் குளவிகள் கொட்டிவிட்டன. முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. அவனைப் பின்னால் உட்கார்த்தி, துண்டால் என்னோடு சேர்த்துக் கட்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு பைக்கை விரட்டினேன்.

கைப்பேசி வரைபடத்தில் ஒரு சாலை முழுக்க நெரிசல், இன்னொன்று காலி. காலியான சாலையில் திரும்பினேன். பாதியில் திரும்பி எதிரே வந்த பால்காரர், போகாதே என்று கையாட்டினார். நான் நிற்கவில்லை. அடுத்த வளைவில் குறுக்கே புளியமரம் கிடந்தது, சுற்றிலும் மறியல்காரர்கள்.

"இன்னாப்பா, எவனும் வராத ரோட்ல நீ மட்டும் வர்ற?"

"மேப்புல காலின்னு காட்டுச்சுண்ணே."

"மரம் கெடக்குது, காலியாத்தான் இருக்கும்!" என்று சிரித்தவர், ஏழுமலையின் முகத்தைப் பார்த்ததும் கத்தினார். "டேய், வண்டியத் தூக்குங்கடா!"

ஆறு பேர் பைக்கை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். ஏழுமலையையும் தோளில் சுமந்து அந்தப் பக்கம் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

இப்போதும் வரைபடம் பார்க்கிறேன். ஆனால் எதிரே வருகிறவரை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறேன். எதிரே யாருமே வரவில்லையென்றால் வண்டியைத் திருப்பிவிடுகிறேன்.