முகமூடிக்காரருக்கு அட்டை கிடைத்த கதை

கரண்ட் வந்துவிட்டதே என்று வருத்தப்பட்ட மனிதன் ரங்கூனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் அது. பசுந்தாங் பேட்டையில் எங்கள் தெருவில் காலையில் போகும் கரண்ட் திரும்பி வர மாலை ஐந்தோ ஆறோ ஆகும். சில நாள் நாலு மணிக்கே வந்து தொலைக்கும். வந்ததும் தெருவே "மீ லா ப்யீ!" என்று கத்தும். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பெண்கள் தண்ணீர் மோட்டார் போட ஓடுவார்கள், பால்கனிக்குப் பால்கனி கைதட்டல் கேட்கும். ஐந்தாவது மாடியில் நான் மட்டும் 'போச்சு' என்று உட்கார்ந்திருப்பேன்.

காரணம், கீழே பேட்டரிக் கடை வைத்திருந்த பாய். கரண்ட் இருந்தால் அவருக்கு வேலை. தெருவிலுள்ள கார் பேட்டரிகளையெல்லாம் வரிசையாக வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். கரண்ட் இல்லாதபோதுதான் அவருக்கு ஓய்வு. எனக்கோ கரண்ட் இல்லாதபோதுதான் அவருடைய பேட்டரி தேவை. இப்படி நாட்டின் மின்சார நிர்வாகம் எங்கள் இருவரையும் பகல் மூன்றரை மணிக்குச் சேர்த்து வைத்தது.

என் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வார்டு ஆபீஸ் முத்திரை போட்ட குடும்பப் பட்டியலில் ஏழு பேர் இருந்தோம். எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகச் சென்னைக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். பூட்டிவிட்டுப் போனால் வீடு கையைவிட்டுப் போய்விடும் என்பதால் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். கல்யாணமாகாதவன், ஆங்கில டியூஷன் எடுப்பவன், எங்கே போனாலும் பெரிய உபயோகமில்லாதவன் என்ற மூன்று தகுதிகளின் பேரில் நான் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். டியூஷன் காலையோடு முடிந்துவிடும். அதன்பின் மறுநாள் காலைவரை என் தொண்டைக்கு வேலை கிடையாது. சாயங்காலம் டீக்கடையில் "ஒண்ணு" என்று சொல்லும்போது அது யாரோ வேறு ஆளுடைய குரல் மாதிரி வரும்.

நடைபாதைப் புத்தகக் கடையில் இலக்கணப் புத்தகம் தேடப் போனவன் மூன்று வீடியோ கேசட்டுகளோடு திரும்பினேன். யாரோ கப்பல்காரர் விட்டுப்போனதாம். அமெரிக்கக் கௌபாய்த் தொடர்படம், கறுப்பு வெள்ளை, இருபது நிமிஷப் பாகங்களாகப் பதினைந்து பாகம். கண்ணை மட்டும் மறைக்கும் கறுப்பு முகமூடி போட்ட ஒருவன் குதிரையில் வந்து நல்லவர்களைக் காப்பாற்றிவிட்டுப் போவான். ஒவ்வொரு பாகமும் அவன் செத்துப்போகிற இடத்தில் முடியும். அடுத்த பாகத்தில் சாகாமல் எழுந்து தூசி தட்டுவான்.

முதல் நாள் பாய் பேட்டரியை மாடியேற்றிக் கொண்டுவந்து, இன்வெர்ட்டரில் மாட்டி, டி.வி.யும் டெக்கும் ஓடுகின்றனவா என்று பார்க்க நின்றார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஆசிட் தெறித்துச் சல்லடையாகிப்போன கைலி. முகமூடிக்காரன் பாறை மேல் தோன்றியதும் கிளிப்பைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவன் யாரு சயா? எதுக்கு மூஞ்சிய மறைச்சிருக்கான்?"

சயா என்றால் பர்மாவில் வாத்தியார். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் இலக்கண வாத்தியார். செயப்பாட்டு வினையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாற்றித் தருவேன். ஆனால் அந்தக் கௌபாய்கள் மென்று துப்பிய ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டைத் தவிர எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. தெருவில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் என்ற பெயர் வேறு. என்ன சொல்வது? மேஜைமேல் வார்டு ஆபீஸ் படிவம் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அவனுக்கு அட்டை இல்லை, பாய்."

பாய் தலையை ஆட்டினார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பிரஜை என்பதற்கான அடையாள அட்டையைத்தான் சொல்கிறேன். எனக்கு அப்பா பத்திரப்படுத்திய ஒரு பழைய காகிதத்தின் புண்ணியத்தில் பிங்க் அட்டை கிடைத்துவிட்டது. பாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் பிறந்தது இதே பசுந்தாங்கில்தான்; ஆனால் மனுப் போட்டுப் பல வருஷங்களாகியும் கையில் ஒரு ரசீதுதான் இருந்தது. அட்டை இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் நாகூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க முடியாது.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின் படம் தானாக நடக்க ஆரம்பித்தது. முகமூடிக்காரன் ஊருக்குள் தங்காமல் மலைக்குகைக்கு ஏன் போகிறான்? ராத்தங்கினால் வார்டு ஆபீஸ் விருந்தாளி லிஸ்டில் அட்டை நம்பரோடு பெயர் கொடுக்க வேண்டுமே. அவன் காப்பாற்றிய பண்ணைவீட்டுப் பெண் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியும் ஏன் குதிரையேறுகிறான்? அதே காரணம். நட்சத்திரம் குத்திய ஷெரீப் வார்டு ஆபீஸ் தலைவர் ஆனார். மெல்லிய மீசைக்காரன் அட்டை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றும் புரோக்கர். மூலக்கதை என்னவாக இருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாய் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். கடையில் பலகையைச் சாத்திவிட்டு, பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறுவார். வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டார். மூன்று மணிக்கே நான் டீக்கடையிலிருந்து பிளாஸ்க்கில் டீ வாங்கி வைத்துவிட்டு, மாடிப்படியில் அவர் மூச்சு வாங்கும் சத்தத்துக்குக் காத்திருப்பேன். மூன்றாவது மாடியில் நிற்பார். நான்காவதில் இருமுவார்.

வாயை மூடிக்கொண்டு பார்க்கிற ரகமல்ல அவர். முதல் வாரத்திலேயே ஒரு சண்டை. முந்தைய நாள் முகமூடிக்காரன் குதிரை வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். மறுநாள் பாகம் தொடங்கும்போது அதே காட்சியைத் திரும்பக் காட்டினார்கள்; இந்தத் தடவை வண்டி விழுமுன் அவன் வெளியே குதித்துவிட்டான்.

"நேத்து குதிக்கலையே! நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"நேத்து அதைக் காட்டலை, பாய்."

"நேத்து காட்டாதத இன்னிக்குக் காட்டுறதா? வார்டு ஆபீஸ்ல நடக்கிறது இதான். போன தடவ மூணு போட்டோங்கறான், இந்தத் தடவ வாப்பாவோட பொறந்த சர்டிபிகேட்டுங்கறான். கேட்டா அது முந்தியே உள்ள சட்டமாம்."

ஆறாவது பாகத்தில் அந்தப் பெண்ணின் தகப்பனாரான தாடிக்கிழவர் சுடப்பட்டு இறந்தார். பாய் "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தார். பாதியில் கரண்ட் வந்து தெரு கத்தினால் மட்டும் "நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடுவார். டி.வி. அதன்பின் சுவர்க் கரண்டில் தாராளமாக ஓடும். நான் பார்க்க மாட்டேன். இரண்டு கப்பையும் கழுவி வைப்பேன்.

பத்தாவது பாகம் தாண்டியதும் எனக்கு பயம் வந்துவிட்டது. பதினைந்து முடிந்தால் பாய் ஐந்து மாடி ஏறி வர ஒரு காரணமும் கிடையாது. சும்மா டீ குடிக்க வாருங்கள் என்று கூப்பிடலாமே என்பீர்கள். அப்படிக் கூப்பிடத் தெரிந்தவனாக இருந்தால் எங்கள் குடும்பம் வேறு யாரையாவதுதான் வீட்டுக்குக் காவல் வைத்திருக்கும். டெக்கில் அழுக்கு என்று ஒரு நாள், தலைவலி என்று ஒரு நாள், இப்படி இழுத்துப் பார்த்தேன். எவ்வளவு இழுத்தாலும் பதினான்குக்குப் பின் பதினைந்துதான் வருகிறது.

பதினைந்தாவது பாகம் என்னை நடுத்தெருவில் நிறுத்தியது. முகமூடிக்காரன் ஊரே பார்க்க முகமூடியைக் கழற்றினான். எல்லாரும் சிரித்தார்கள். ஷெரீப் அவன் தோளில் தட்டி ஒரு காகிதத்தை நீட்டினார்.

பாய் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "என்னங்கறான்? அட்டையா அது?"

"அட்டைதான்."

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு பாய்."

"என்ன கலரு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முழுப் பிரஜைக்கு பிங்க். அடுத்த படிக்கு நீலம். அதற்கும் கீழே பச்சை. படம் கறுப்பு வெள்ளை. அந்தக் காகிதம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பாய் திரையைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிங்க்" என்றேன்.

அவர் கப்பை எடுத்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை அப்படியே குடித்தார். "அட்டை இல்லாமயே அத்தன நல்லது பண்ணுனான். குடுக்கத்தானே வேணும்" என்றார். பிறகு பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நல்ல படம் சயா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அங்கேயே விட்டிருக்க வேண்டும். மறுநாள் மூன்றரைக்கு மாடிப்படியில் சத்தமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் பிளாஸ்க்கில் டீ வாங்கி வைத்துவிட்டேன், பழக்கதோஷம். மூன்றாம் நாள் நானே கீழே போய், "பாய், இன்னும் ஒரு பாகம் இருக்கு. கேசட் கடைசியில ஒளிஞ்சிருந்தது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பவே நெனச்சேன். அட்டை கெடச்சா அதுக்கப்புறம் என்ன பண்ணுனான்னு காட்டணும்ல?"

அவர் முன்னால் நான் ஓட்டியது மூன்றாவது பாகம். என் கணக்கு எளிமையானது. எல்லாப் பாகத்திலும் அதே பாறை, அதே குதிரை, அதே அடிதடி. வசனம் என் கையில். புதுக் கதை சொன்னால் புதுப் பாகம்.

இரண்டாவது நிமிஷத்திலேயே முதல் கேள்வி வந்தது. "அட்டை கெடச்சப்புறமும் எதுக்கு முகமூடி?"

"பழகிப்போச்சு பாய். சட்டுனு விட முடியுமா?"

அவர் ஒப்புக்கொண்டார். ஐந்தாவது நிமிஷத்தில் தாடிக்கிழவர் தெம்பாக வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரை மறந்தே போயிருந்தேன்.

"சயா, இவரு மவுத்தாயிட்டாரே."

"இது அவர் தம்பி. ரெட்டைப் பிறவி."

"ஓ" என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாய் கேள்வி கேட்காமல் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. குதிரை வண்டி பள்ளத்தில் விழுந்து பாகம் முடிந்தது. அவர் எழுந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இந்த வண்டி அப்பவே விழுந்துச்சு சயா. நாம சண்டகூட போட்டோம்."

நான் கப்புகளை எடுக்கக் குனிந்தேன்.

"பழச ஓட்டிட்டுப் புதுசுன்னு சொல்றீங்க. பரவால்ல. ஆனா ஒண்ணு." பேட்டரியைத் தூக்கப் போனவர் நிமிர்ந்தார். "அந்த அட்டை? அதுவும் நீங்க குடுத்ததுதானா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெரு கத்தியது. எப்போதும் ஓடுகிறவர் அன்றைக்கு ஓடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் கதவருகே நின்று ஐந்து மாடிக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்துக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறாவது பாகம் மட்டுமல்ல, முதல் பாகத்திலிருந்தே பொய் என்றேன். அவர் புனலால் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நெசமா என்னதான் பேசிக்கிட்டாங்க?"

"தெரியாது, பாய். எனக்குப் புரியலை."

புனல் ஆட ஆட, இருமல் வரும்வரை சிரித்தார். பேட்டரி வாங்க வந்து நின்ற பர்மாக்காரரிடம் என்னைக் காட்டி, "இவருதான் இங்கிலீஷ் சயா" என்று பர்மியில் சொல்லி மறுபடி சிரித்தார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கு மூன்றரைக்கு இரண்டு கப் எடுத்து வைத்தேன். அவர் வரவில்லை. சிரிப்பது வேறு, ஐந்து மாடி ஏறுவது வேறு.

அதன்பின் பேட்டரியை நானே தூக்கினேன். மூன்றாவது மாடியில் ஏன் நிற்க வேண்டும், நான்காவதில் ஏன் இருமல் வருகிறது என்பதெல்லாம் விளங்கியது. கடையில் எந்தக் குறையும் இல்லை. "வாங்க சயா, உங்களுது ரெடி" என்பார். முன்பெல்லாம் வாரம் ஒருமுறையாவது "அட்டை விஷயம் என்னாச்சு?" என்று கேட்பேன். இப்போது கேட்க வாய் வரவில்லை. ஒருவருக்குப் பொய்யாக பிங்க் அட்டை கொடுத்தவன் எந்த முகத்தோடு நிஜ அட்டையை விசாரிப்பது?

ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. ஒரு நாள் காலி பேட்டரியோடு கீழே இறங்கினால் கடைப் பலகையில் பூட்டு. உள்ளே சாமான் இல்லை. பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி வைத்திருந்த அம்மாவிடம் பாய் எங்கே என்று கேட்டேன். போய்விட்டார் என்று சொல்லி, வாயில் வெற்றிலை இருந்ததால் மோவாயால் ஆற்றுப் பக்கம் காட்டினாள். அந்தப் பக்கம்தான் அக்கரையில் தன்லியின் என்ற ஊருக்குப் போகிற பாலம். அங்கே அவருடைய தங்கை மகன் இருந்தான். கடலும் அந்தப் பக்கம்தான்.

இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அட்டை வந்து நாகூர் போனாரா, வராமல் தன்லியினுக்குப் போனாரா என்று அந்த அம்மா ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாள். கிளம்புவதற்கு முன் தெருவில் பாதிப் பேரிடம் அவர் சொல்லிக்கொண்டுதான் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது. மாடியேறி வந்து சொல்லிக்கொள்ள வேண்டியவர்களில் நான் இல்லை. காலி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த தெருவில் சார்ஜ் போடும் கடை எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்த அம்மாவிடம் கேட்டேன்.